ஸ்டென்ட் வைத்த பிறகும் நெஞ்சு வலி: ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்கேன்கள் எப்போது தேவை?

இதயத் தமனி அடைப்புக்கு ஸ்டென்ட் பொருத்திக்கொண்டோ, பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டோ வீடு திரும்பிய ஒருவருக்குச் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மீண்டும் நெஞ்சு வலி வருவது அரிதல்ல. ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களில் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு நெஞ்சு வலி நீடிக்கிறது அல்லது திரும்ப வருகிறது என்று மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

முதல்முறை வலி வந்தபோது மருத்துவர் கேட்ட கேள்வி எளியது: தமனியில் அடைப்பு இருக்கிறதா? இரண்டாம் முறை கேட்க வேண்டியவை மூன்று. அடைப்பு எந்த இடத்தில் திரும்பியுள்ளது? அது ஏன் ஏற்பட்டது? இப்போதைய வலிக்கு உண்மையிலேயே அதுதான் காரணமா? இந்த மூன்றுக்கும் ஒருசேர விடை தரும் பரிசோதனை இன்றுவரை இல்லை. எனவே, தமனியின் உருவத்தைக் காட்டும் ஒரு பரிசோதனையையும் இதயத் தசையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் மற்றொன்றையும் இணைத்துப் பார்த்து முடிவெடுக்கும் முறை இதய மருத்துவத்தில் வலுப்பெற்று வருகிறது. அதேவேளையில், தேவையின்றிப் பரிசோதனைகளை அடுக்குவதால் நன்மை இல்லை என்பதையும் அண்மைக்கால ஆய்வுகள் தெளிவுபடுத்தியுள்ளன.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் நிகழ்ந்த மரணங்களில் சுமார் 28 சதவீதம் இதய, ரத்தநாள நோய்களால் ஏற்பட்டவை. 1990இல் இந்த விகிதம் சுமார் 15 சதவீதமாக இருந்தது. சிகிச்சை பெற்று உயிர்பிழைத்தவர்களின் எண்ணிக்கை பெருகும்போது, நோய் திரும்பும் அபாயத்துடன் வாழ்பவர்களின் எண்ணிக்கையும் பெருகுகிறது.

சிகிச்சை வளர்ந்த விதம்

காலில் இருந்து எடுக்கப்பட்ட சிரையைக் கொண்டு அடைப்பைத் தாண்டி ரத்தத்தைச் செலுத்தும் பைபாஸ் அறுவை சிகிச்சையை 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோ நிலைநிறுத்தினார். 1977 செப்டம்பர் 16 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், விழிப்புடன் இருந்த ஒரு நோயாளியின் இதயத் தமனியில் மிகச் சிறிய பலூனை விரித்து அடைப்பை அகற்றினார். ஆஞ்சியோபிளாஸ்டி என்ற சிகிச்சை அன்று பிறந்தது.

பலூனால் விரிக்கப்பட்ட தமனி மீண்டும் சுருங்குவது தொடக்கம் முதலே பெரும் சிக்கலாக இருந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் சில மாதங்களிலேயே சுருக்கம் திரும்பியது. தமனியைத் தாங்கிப் பிடிக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட், 1986இல் பிரான்சில் ஜாக் புயெல், சுவிட்சர்லாந்தில் உல்ரிக் சிக்வார்ட் ஆகிய மருத்துவர்களால் முதன்முதலில் மனித இதயத் தமனிகளில் பொருத்தப்பட்டது. திசு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசப்பட்ட ஸ்டென்ட்கள் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தன. இவற்றால் மீள்சுருக்கம் வெகுவாகக் குறைந்தது; ஆனால் முற்றிலும் மறையவில்லை.

நோய் திரும்பும் நான்கு வழிகள்

முதலாவது, ஸ்டென்டுக்குள்ளேயே ஏற்படும் சுருக்கம். ஸ்டென்ட் முழுமையாக விரியாமல் போவது, அதன் உள்ளே திசு அதிகமாக வளர்வது, பல ஆண்டுகள் கழித்து அந்தத் திசுவிலேயே புதிதாகக் கொழுப்பு படிவது, உலோகக் கம்பி முறிவது எனக் காரணங்கள் பல. வெளியில் இருந்து பார்த்தால் இவை அனைத்தும் ஒரே மாதிரியான சுருக்கமாகவே தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

இரண்டாவது, பைபாஸ் குழாய்கள் பழுதாவது. மார்புச் சுவரின் உட்பகுதியில் இருந்து எடுத்து இணைக்கப்படும் தமனி பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலோருக்குத் திறந்தே இருக்கிறது. காலில் இருந்து எடுக்கப்படும் சிரைகளின் நிலை வேறு. பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதி அடைபட்டோ கடுமையாகச் சுருங்கியோ விடுகின்றன.

மூன்றாவது, சிகிச்சை செய்யப்படாத வேறோர் இடத்தில் நோய் முற்றுவது. இதன் முக்கியத்துவத்தை, 2011இல் வெளியான ‘ப்ராஸ்பெக்ட்’ ஆய்வு எடுத்துக்காட்டியது. மாரடைப்பு போன்ற தீவிர பாதிப்புக்குச் சிகிச்சை பெற்ற 697 பேர் அதில் கண்காணிக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளில் சுமார் 20 சதவீதம் பேருக்கு மீண்டும் இதயப் பாதிப்பு ஏற்பட்டது. முதலில் சிகிச்சை செய்த இடத்தால் ஏற்பட்டவை 12.9 சதவீதம், வேறு இடங்களால் ஏற்பட்டவை 11.6 சதவீதம். அதாவது, இரண்டும் ஏறக்குறைய சமம். பிற்காலத்தில் சிக்கல் தந்த அந்த ‘வேறு இடங்கள்’ பலவும் தொடக்க ஆஞ்சியோகிராமில் லேசான சுருக்கமாக மட்டுமே தெரிந்தவை.

நான்காவது, பெரிய தமனிகளில் எந்த அடைப்பும் இல்லாமலேயே வலி வருவது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ரத்தநாளங்கள் தேவையான அளவு விரியாமல் போனாலோ, தமனி திடீரென இறுகிச் சுருங்கினாலோ நெஞ்சு வலி உண்டாகும். இத்தகையோருக்கு மற்றொரு ஸ்டென்ட் வைப்பதால் பயன் இல்லை.

எந்தப் பரிசோதனை எதைக் காட்டும்?

வடிகுழாய் வழியாகச் செய்யப்படும் வழக்கமான ஆஞ்சியோகிராமில், மருத்துவமனைகளில் ‘டை’ என்று சொல்லப்படும் அயோடின் கலந்த திரவம் தமனிக்குள் செலுத்தப்பட்டு எக்ஸ்ரே படம் எடுக்கப்படுகிறது. ரத்தம் ஓடும் உட்பாதையின் நிழலை மட்டுமே அது காட்டும். தமனிச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதையோ, அந்தச் சுருக்கம் இதயத் தசையைப் பாதிக்கிறதா என்பதையோ நேரடியாகச் சொல்லாது.

சி.டி. ஆஞ்சியோகிராம், கை நரம்பில் செலுத்தப்படும் டை திரவத்தின் உதவியுடன் தமனியின் உட்பாதையையும் சுவரையும் சேர்த்துக் காட்டுகிறது. தமனி நோய் இல்லை என்று உறுதிசெய்வதில் இது வல்லது. ஆனால் ஸ்டென்டின் உலோகமும் கெட்டியான கால்சியம் படிவும் படத்தில் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்து உட்பாதையை மறைத்துவிடும். எனவே 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள ஸ்டென்ட்களைப் பார்க்கவே சி.டி. பொருத்தமானது என்று 2021இல் வெளியான அமெரிக்க நெஞ்சு வலி வழிகாட்டுதல் கூறுகிறது.

அணு மருத்துவ ஸ்கேன்கள் வேறு வகையானவை. மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் செலுத்தி, இதயத் தசையின் எப்பகுதிக்கு ரத்தம் குறைவாகச் செல்கிறது என்பதை இவை காட்டுகின்றன. உடற்பயிற்சியின்போது அல்லது ரத்தநாளத்தை விரிக்கும் மருந்து கொடுத்தபோது ஒருமுறையும், ஓய்வில் ஒருமுறையும் படம் எடுக்கப்படும். மருத்துவமனைகளில் ‘தாலியம் ஸ்கேன்’ என்ற பழைய பெயராலேயே பலர் இதை அறிவார்கள். இன்று பெரும்பாலும் டெக்னீசியம்-99எம் என்ற பொருளே பயன்படுகிறது. இதன் அரை ஆயுள் ஆறு மணி நேரம். பெட் ஸ்கேன் இதைவிடத் துல்லியமானது. ஒரு நிமிடத்துக்கு ஒரு கிராம் இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்பதை எண்ணாகவே அது அளித்துவிடும்.

எக்கோ பரிசோதனையை உடற்பயிற்சிக்குப் பின்னோ, மருந்தால் இதயத்தைத் தூண்டியோ செய்யும்போது, ரத்தம் போதாத பகுதியின் அசைவு மந்தமாவதைக் காணலாம். கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. இதய எம்.ஆர்.ஐ., முந்தைய மாரடைப்பால் தழும்பாகிப்போன தசையையும் உயிருள்ள தசையையும் பிரித்துக் காட்டுவதில் மற்ற பரிசோதனைகளைவிடச் சிறந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடாது என்ற அச்சம் பொதுமக்களிடம் பரவலாக உள்ளது. ஆயினும், இன்று பயன்பாட்டில் உள்ள இதய ஸ்டென்ட்கள் அவற்றுக்கென வகுக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்றவையே. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

தமனிக்கு உள்ளிருந்தே பார்க்கும் முறைகள் இரண்டு. ‘ஐவஸ்’ எனப்படுவது ஒலி அலைகளைக் கொண்டும், ‘ஓ.சி.டி.’ எனப்படுவது அகச்சிவப்பு ஒளியைக் கொண்டும் செயல்படுகின்றன. ஓ.சி.டி. 10 முதல் 20 மைக்ரான் வரையிலான நுணுக்கத்தைக் காட்டும். ஸ்டென்டின் ஒவ்வொரு கம்பியும் அதில் தனித்தனியாகத் தெரியும். ஆனால் அது தமனிச் சுவரில் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் வரையே ஊடுருவும். ஐவஸின் நுணுக்கம் அதைவிடக் குறைவு, ஆழம் அதிகம்.

இவற்றுடன், படம் எடுக்காமல் அளவை மட்டும் தரும் ‘எஃப்.எஃப்.ஆர்.’ முறையும் உண்டு. அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியைச் சுருக்கத்தைத் தாண்டிச் செலுத்தி, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்கள் ஒப்பிடப்படுகின்றன. பின்புற அழுத்தம் முன்புறத்தில் உள்ளதில் 80 சதவீதமாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அந்தச் சுருக்கம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கொள்ளப்படும். 2009இல் வெளியான ‘ஃபேம்’ ஆய்வில் 1,005 பேர் பங்கேற்றனர். ஆஞ்சியோகிராம் படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு அல்லது மறுசிகிச்சை நேரிட்டது. அழுத்தத்தை அளந்து தேவையான இடங்களில் மட்டும் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் அது 13.2 சதவீதம்.

ஒற்றைப் பரிசோதனை ஏன் தடுமாறுகிறது?

இதற்குமுன் சிகிச்சை பெறாத ஒருவருக்கு நன்கு செயல்படும் ஸ்கேன், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவரிடம் அதே துல்லியத்தைத் தருவதில்லை. பழைய மாரடைப்பின் தழும்பு, ரத்தம் போதாத பகுதியைப் போலவே படத்தில் தோன்றக்கூடும். மூன்று தமனிகளிலும் சம அளவில் நோய் இருந்தால், ஒரு பகுதியை மற்றொன்றுடன் ஒப்பிட்டுக் குறையைக் கண்டறியும் சாதாரண அணு ஸ்கேன், எல்லாம் சீராக இருப்பதுபோல் காட்டிவிடலாம். பைபாஸ் குழாய்கள் வழியாகவும், உடல் தானே உருவாக்கிக்கொண்ட துணை ரத்தநாளங்கள் வழியாகவும் ரத்தம் வந்து சேரும்போது, எந்தத் தமனி எந்தத் தசைக்கு உணவளிக்கிறது என்ற கணக்கே மாறிவிடுகிறது.

நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ‘பசிபிக்-2’ ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. முன்பு மாரடைப்பு வந்த அல்லது ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட நோயாளிகளுக்கு அணு ஸ்கேன், பெட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஆகிய மூன்றும் எடுக்கப்பட்டு, எஃப்.எஃப்.ஆர். அளவுடன் ஒப்பிடப்பட்டன. மூன்றின் துல்லியமும் நடுத்தரமாகவே அமைந்தது.

இணைத்துப் பார்ப்பது எப்படி?

இணைப்பு என்பது எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நேரத்தில் செய்வதைக் குறிக்காது. முதல் பரிசோதனை விடையளிக்காமல் விட்ட கேள்விக்கு விடை தரக்கூடிய அடுத்த பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பதே அதன் அடிப்படை. இதய மருத்துவத்தில் அடிக்கடி எதிர்கொள்ளப்படும் நான்கு சூழ்நிலைகள் இதை விளக்கும்.

முதல் சூழ்நிலை: முக்கியத் தமனியின் தொடக்கப் பகுதியில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு, மூன்று ஆண்டுகள் கழித்து மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம் வருகிறது. சி.டி. ஆஞ்சியோகிராமில் ஸ்டென்ட் திறந்திருப்பதும், வேறோர் தமனியில் நடுத்தரச் சுருக்கம் இருப்பதும் தெரிகின்றன. அந்தச் சுருக்கம் வலிக்குக் காரணமா என்பதைச் சி.டி. படத்தால் மட்டும் சொல்ல முடியாது. அடுத்து எடுக்கப்படும் பெட் ஸ்கேனிலோ அணு ஸ்கேனிலோ அதே தமனி உணவளிக்கும் பகுதியில் ரத்தக் குறைவு தெரிந்தால் இரண்டு படங்களும் ஒத்துப்போகின்றன. சிகிச்சைக்கான இடம் உறுதியாகிறது. ரத்த ஓட்டம் சீராக இருந்தால், மருந்துகளை மாற்றியமைப்பதே முதல் வழி. சி.டி. கருவியும் பெட் கருவியும் ஒன்றாக இணைந்த இயந்திரங்களில், தமனியின் முப்பரிமாண வடிவத்தின் மீது ரத்த ஓட்ட வரைபடத்தைப் பொருத்தி ஒரே படமாகவும் பார்க்கலாம்.

இரண்டாம் சூழ்நிலை: பைபாஸ் செய்துகொண்டவர். இவருக்கு நேரடியாக வடிகுழாய் ஆஞ்சியோகிராம் செய்தால், ஒவ்வொரு பைபாஸ் குழாயின் வாயையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அதற்கு நேரமும் டை திரவமும் கூடுதலாகத் தேவை. லண்டனில் 688 பைபாஸ் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ‘பைபாஸ்-சி.டி.சி.ஏ.’ ஆய்வில், ஒரு பிரிவினருக்கு முதலில் சி.டி. எடுக்கப்பட்டது. குழாய்களின் இருப்பிடம் முன்பே தெரிந்ததால், வடிகுழாய்ப் பரிசோதனைக்கான நேரம் பாதியாகக் குறைந்தது. டை திரவத்தால் ஏற்படும் சிறுநீரகப் பாதிப்பும் பெருமளவு குறைந்தது. ஒரு ஸ்கேன் கூடியபோதும் நோயாளிக்குத் தீங்கு குறைந்தது என்பது இந்த ஆய்வின் சிறப்பு.

மூன்றாம் சூழ்நிலை: ஆஞ்சியோகிராமில் ஸ்டென்டுக்குள் சுருக்கம் உறுதியாகிவிட்டது. இப்போது கேள்வி, அது ஏன் ஏற்பட்டது என்பதே. ஓ.சி.டி. அல்லது ஐவஸ் செய்து பார்த்ததில் பழைய ஸ்டென்ட் போதிய அளவு விரியவில்லை என்று தெரிந்தால், உயர் அழுத்தப் பலூனால் அதை விரிக்க வேண்டும். வெளியே இறுகிய கால்சியம் தடுத்தால், முதலில் அதை உடைக்க வேண்டும். உள்ளே திசு வளர்ந்திருந்தால், மருந்து பூசிய பலூன் ஒரு வாய்ப்பு. இவற்றை ஆராயாமல் சுருக்கத்தின் மேல் மற்றொரு ஸ்டென்டை வைத்தால், விரியாத உலோகத்துக்குள் இன்னோர் உலோக அடுக்கு சேரும். முதல் ஸ்டென்டைப் பழுதாக்கிய காரணம் அப்படியே இருக்கும். சிக்கலான அடைப்புள்ள 1,639 பேரிடம் தென்கொரியாவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்விலும், தமனிக்குள் இருந்து படமெடுத்துச் செய்த ஆஞ்சியோபிளாஸ்டியில் தோல்வி விகிதம் 7.7 சதவீதமாகவும், ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பிச் செய்ததில் 12.3 சதவீதமாகவும் இருந்தது.

நான்காம் சூழ்நிலை: பழைய மாரடைப்பால் இதயத்தின் இயக்கத்திறன் குறைந்தவர். எக்கோ மூலம் எப்பகுதி அசையவில்லை என்பதை அறியலாம். அங்குள்ள தசை இறந்துவிட்டதா, ரத்தம் போதாமல் உறங்கும் நிலையில் உள்ளதா என்பதை எம்.ஆர்.ஐ. அல்லது பெட் சொல்லும். ஆனால் தசை உயிருடன் இருப்பது தெரிந்தவுடன் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று கருதுவதற்கில்லை. பிரிட்டனில் இத்தகைய 700 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ‘ரிவைவ்டு’ ஆய்வில், மருந்துகளுடன் ஆஞ்சியோபிளாஸ்டியும் செய்துகொண்டவர்களுக்கு, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட மரணமோ இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. படம் தரும் தகவல் ஒன்று. அதன் அடிப்படையில் செய்யும் சிகிச்சையின் பயன் வேறொன்று.

வலியே இல்லாதவருக்கு?

“ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?” என்பது நோயாளிகளும் குடும்பத்தினரும் அடிக்கடி கேட்கும் கேள்வி. 2022இல் வெளியான தென்கொரியாவின் ‘போஸ்ட்-பி.சி.ஐ.’ ஆய்வு இதற்கு விடையளித்தது. அதிக அபாயம் உள்ளவர்களாகக் கருதப்பட்ட 1,706 பேரில் ஒரு பிரிவினருக்கு, ஸ்டென்ட் வைத்து ஓராண்டில் அறிகுறி இல்லாவிட்டாலும் டிரெட்மில், எக்கோ அல்லது அணு ஸ்கேன் செய்யப்பட்டது. மற்றவர்களுக்கு அறிகுறி தோன்றினால் மட்டுமே பரிசோதனை. இரண்டு ஆண்டுகளின் முடிவில் மரணம், மாரடைப்பு, கடும் நெஞ்சு வலியால் மருத்துவமனையில் சேர்தல் ஆகியவை முதல் பிரிவில் 5.5 சதவீதமாகவும் இரண்டாம் பிரிவில் 6 சதவீதமாகவும் இருந்தன. இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதல்ல.

உடல்நிலையிலோ இயங்கும் திறனிலோ மாற்றம் இல்லாதபோது, குறிப்பிட்ட கால இடைவெளியில் வழக்கமாக ஸ்கேன் எடுப்பதை 2023ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதலும் பரிந்துரைக்கவில்லை. 37 நாடுகளில், இந்தியா உட்பட, 5,179 பேர் பங்கேற்ற ‘இஸ்கீமியா’ ஆய்வின் முடிவும் இங்கே நினைவுகூரத்தக்கது. மிதமான அல்லது கடுமையான ரத்தக் குறைவு ஸ்கேனில் தெரிந்தபோதும், நிலையான உடல்நிலை உள்ளவர்களுக்கு உடனடியாக ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும் செய்வதால் மரணமோ மாரடைப்போ ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை என்று 2020இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. எனினும், அடிக்கடி நெஞ்சு வலி இருந்தவர்களின் வலி குறைந்து, வாழ்க்கைத் தரம் மேம்பட்டது.

தேவையற்ற ஸ்கேனுக்கு விலையும் உண்டு. சாதாரண அணு ஸ்கேனில் உடல் ஏற்கும் கதிர்வீச்சு சுமார் 10 மில்லிசீவர்ட். புதிய கருவிகளில் எடுக்கப்படும் சி.டி. ஆஞ்சியோகிராமில் பெரும்பாலும் 5 மில்லிசீவர்ட்டுக்குள் அடங்கும். இயற்கையில் இருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். டை திரவம் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் கேடு விளைவிக்கலாம்; நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐயத்துக்குரிய ஒரு படம் அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கும், தேவைப்படாத ஸ்டென்டுக்கும் இட்டுச்செல்லக்கூடும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் ஸ்டென்ட்களின் விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் கட்டுக்குள் கொண்டுவந்தது. மருந்து பூசாத ஸ்டென்டுக்கு ரூ.7,260, மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ரூ.29,600 என, வரி நீங்கலாக, அப்போது உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பின்னர் இந்த வரம்புகள் அவ்வப்போது திருத்தப்பட்டன. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனை சிகிச்சைக்கான காப்பீடு வழங்கப்படுகிறது.

சிகிச்சை எட்டிய தொலைவை நுட்பமான ஸ்கேன்கள் இன்னும் எட்டவில்லை. இதய பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் அமோனியாவில் உள்ள நைட்ரஜன்-13இன் அரை ஆயுள் பத்து நிமிடங்கள் மட்டுமே. எனவே அதை உற்பத்தி செய்யும் சைக்ளோட்ரான் கருவி அதே வளாகத்தில் இருக்க வேண்டும். இதனால் அந்த வசதி பெருநகரங்களில் உள்ள சில நிறுவனங்களுக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது. எக்கோ, டிரெட்மில் ஆகியவை மாவட்டத் தலைநகரங்களில் பரவலாகக் கிடைக்கின்றன. இத்தகைய இடங்களில், தூண்டல் எக்கோவையும் சி.டி. ஆஞ்சியோகிராமையும் இணைப்பது நடைமுறைக்கு ஏற்ற வழியாக அமையும். விலை உயர்ந்த கருவி இல்லை என்பதற்காக, உருவத்தையும் ரத்த ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறையைக் கைவிட வேண்டியதில்லை.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

எந்த ஸ்கேன் பொருத்தமானது என்ற முடிவு, முந்தைய சிகிச்சையின் விவரங்களைச் சார்ந்தது. ஸ்டென்டின் விட்டம், நீளம், வகை, பொருத்தப்பட்ட இடம், தேதி ஆகியவை அடங்கிய அட்டையையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும், ஆஞ்சியோகிராம் சி.டி. தகட்டையும் பாதுகாத்து வைப்பது அவசியம். பைபாஸ் செய்துகொண்டவர்கள் எத்தனை குழாய்கள், எங்கிருந்து எடுத்து எங்கு இணைக்கப்பட்டன என்ற அறுவை சிகிச்சைக் குறிப்பை வைத்திருக்க வேண்டும். வேறோர் ஊரில், வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது, 2.5 மில்லிமீட்டர் ஸ்டென்டா, 3.5 மில்லிமீட்டர் ஸ்டென்டா என்ற ஒரு தகவலே பயனற்ற ஒரு சி.டி. ஸ்கேனைத் தவிர்த்துவிடும்.

மருந்தால் ரத்தநாளங்களை விரித்து எடுக்கும் ஸ்கேனுக்கு முன், மருத்துவமனை சொல்லும் கால அளவுக்கு, பொதுவாக 12 முதல் 24 மணி நேரம், காபி, தேநீர் அருந்தக்கூடாது. அவற்றிலுள்ள காஃபின் மருந்தின் செயலைத் தடுக்கும். சி.டி. எடுக்கும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவில் இருந்தால் படம் தெளிவாக வரும் என்பதால், துடிப்பைக் குறைக்கும் மருந்து தரப்படலாம். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, முன்பு டை திரவத்தால் ஏற்பட்ட ஒவ்வாமை, உட்கொள்ளும் சர்க்கரை நோய் மாத்திரைகள் ஆகியவற்றை முன்பே தெரிவிக்க வேண்டும். ஸ்கேனுக்காக எந்த மருந்தையும், குறிப்பாக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

இங்கே கூறப்பட்டவை அனைத்தும் நிலையான, உழைப்பின்போது வரும் வலிக்கே பொருந்தும். ஓய்வில் இருக்கும்போது தொடங்கி நீடிக்கும் நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இசிஜியும் ரத்தப் பரிசோதனையுமே அங்கு முதல் படி.

அடுத்த கட்டம்

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஸ்கேனில் விடை காணும் முயற்சிகள் முன்னேறி வருகின்றன. சி.டி. படத்தில் இருந்தே கணினிக் கணக்கீட்டின் மூலம் எஃப்.எஃப்.ஆர். அளவை மதிப்பிடும் முறைக்கு 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. எக்ஸ்ரே ஒளித்துகள்களைத் தனித்தனியாக எண்ணிப் பதிவுசெய்யும் புதிய தலைமுறை சி.டி. கருவிக்கு 2021இல் அங்கு அனுமதி கிடைத்தது. ஸ்டென்ட் உலோகத்தின் மறைப்பு அதில் குறைவதால், சிறிய ஸ்டென்ட்களின் உட்புறத்தையும் வெளியில் இருந்தே காணும் வாய்ப்பு உருவாகியுள்ளது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஆய்வாளர்கள், சோடியம் ஃபுளோரைடு பெட் ஸ்கேனையும் சி.டி.யையும் இணைத்து, வெடிக்கக்கூடிய நிலையில் உள்ள கொழுப்புப் படிவுகளை முன்கூட்டியே அடையாளம் காண முயன்று வருகின்றனர். இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

கருவிகள் எவ்வளவு வளர்ந்தாலும், ஒரு ஸ்கேனைப் பரிந்துரைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை: இதன் முடிவு எதுவாக வந்தாலும் சிகிச்சையில் ஏதேனும் மாறுமா? மாறும் என்றால், இரண்டாவது ஸ்கேனும் தகுந்ததே. மாறாது என்றால், முதல் ஸ்கேன்கூடத் தேவையில்லை. புகையிலையை விடுதல், கெட்ட கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு எந்தப் படமும் தேவையில்லை. நோய் மீண்டும் வராமல் காப்பதில் அவற்றுக்கு இணையான பங்கு எந்த ஸ்கேனுக்கும் இல்லை.